மலரில் வெட்டப்பட்ட ஒரு பத்தி: பழைய மாணவர் சங்கத்துக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கும், சங்கத் தலைவர், செயற்குழு உறுப்பினர்கள், மலர்க்குழுத் தம்பிமார் அனைவருக்கும்,

வணக்கம்.

கல்லூரியின் ஆண்டு நிறைவு மலருக்கு விடுதி வாழ்க்கை பற்றி எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். போர்க்காலத்திலும் குலையாத நட்பைப் பற்றி எழுதினால் நன்றாக இருக்கும் என்று பொருளையும் நீங்களே சொன்னீர்கள். எழுதி அனுப்பினேன். அச்சுக்குப் போகுமுன் பார்க்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய பக்கங்களில் நோன்புக் கஞ்சி இருக்கிறது, ஜாம் போத்தல் விளக்கு இருக்கிறது, பங்கர் இருக்கிறது. யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றிய 1990 ஒக்டோபர் 30 மட்டும் இல்லை. அந்த இடத்தில், என் அறைத்தோழன் யுத்தச் சூழல் காரணமாகப் புத்தளத்துக்கு இடம்பெயர்ந்தான் என்று நான் எழுதாத வரி ஒன்று இருக்கிறது.

கேட்டேன். சர்ச்சைக்குரிய விடயங்களை மலரில் சேர்ப்பதில்லை என்று முடிவாம். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தப் பத்தி இல்லாமல் என் கட்டுரை வரக்கூடாது. நமக்குள் தொலைபேசியில் கதைத்து முடிக்கிற விடயமும் இல்லை இது, அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1989இல் உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கு எருக்கலம்பிட்டியிலிருந்து வந்த முஸ்லிம் பெடியன். மன்னார்த் தீவு. அப்போது இந்திய இராணுவம் இங்கே இருந்தது. நம்முடைய விடுதி மேல்மாடியில் ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று போட்டார்கள், எனக்கு அவன் வாய்த்தான். லீவு முடிந்து வரும்போது கருவாட்டுப் பொட்டலம் ஒன்று கொண்டு வருவான். அறை முழுக்க மணக்கும், போர்டிங் மாஸ்டர் ஏசுவார், பிறகு அவரும் ஒரு பங்கு வாங்கிக்கொண்டு போவார். இறைச்சி சமைக்கும் நாட்களில் அவனுக்கு முட்டை. இதை யாரும் ஒரு பெரிய விடயமாகக் கதைத்ததில்லை.

1990 மார்ச்சில் இந்திய இராணுவம் போன கையோடு நோன்பு வந்தது. விடியமுன் அவன் சாப்பிட வேண்டும். மணிக்கூடு என்னுடையது என்பதால் எழுப்புவது என் வேலை. சமையற்கார அண்ணை முதல் நாள் இரவே சோறும் மீன் குழம்பும் எடுத்து மூடி வைத்திருப்பார். மணி அடிக்குமுன் வெளிச்சம் போடக்கூடாது என்ற விடுதிச் சட்டம் அந்த ஒரு மாதம் எங்கள் அறைக்கு இல்லை. வெள்ளிக்கிழமைகளில் என் சைக்கிளில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத்தெருவுக்குத் தொழப் போவான். திரும்பும்போது அங்கே ஒரு குடும்பம் கொடுத்துவிடும் கஞ்சி கரியரில் இருக்கும். இந்தக் கல்லூரியில் நான் படித்த நல்ல விடயங்களில் அந்த ஒரு மாதமும் சேரும். இதையெல்லாம் அப்படியே அச்சிட்டிருக்கிறீர்கள், நன்றி.

ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது. விடுதியை மூடினார்கள். ஊருக்குப் போக வழியில்லாத சிலர் மட்டும் தங்கினோம். மின்சாரம் போயிற்று. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் ஒரு திரியுமாக எரியும் அந்தச் சின்ன வெளிச்சத்தில் இரண்டு தலைகளும் முட்டும்படி இருந்துதான் சேதன இரசாயனம் படித்தோம். யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை. செப்டெம்பர் கடைசியில் இராணுவம் கோட்டையை விட்டுப் போகும்வரை ஹெலியும் பொம்மரும் வராத நாள் குறைவு. விளையாட்டு மைதான ஓரத்தில் பனங்குற்றி அடுக்கி வெட்டிய பங்கரில்தான் பல இரவுகள் கழிந்தன.

நீங்கள் தந்த தலைப்பு, குலையாத நட்பு என்கிறது. அது சரியில்லை. குலைந்தது. அந்த ஓகஸ்ட் மாதம் குலைந்தது.

ஓகஸ்ட் 3ஆம் திகதி கிழக்கே காத்தான்குடியில் பள்ளிவாசல்களுக்குள் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், சிறுவர்களும் அதில். புலிகள் மறுத்தார்கள். நம்மில் யாரும் அந்த மறுப்பை நம்பினோம் என்று இன்றைக்கு என் முகத்தைப் பார்த்துச் சொல்வீர்களா? அடுத்த கிழமை ஏறாவூரிலும் முஸ்லிம்களைக் கொன்றார்கள். அதே நாட்களில், 12ஆம் திகதி, வீரமுனையில் கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்களை வெட்டினார்கள், சுட்டார்கள். ஊர்காவல் படையில் இருந்த முஸ்லிம்கள் அதில் சேர்ந்திருந்தார்கள் என்று அங்கே தப்பியவர்கள் சொன்னார்கள். என் சின்னம்மாவைக் கட்டிய சித்தப்பா அங்கேதான் செத்தார். அவனுடைய உம்மாவின் சொந்தக்காரர் ஒருவர் காத்தான்குடியில் செத்தார். இரண்டு செய்தியும் பல நாள் பிந்தி, துண்டு துண்டாக, ஆள்மாறி ஆள்மாறி வந்து சேர்ந்தன.

அதற்குப் பிறகு ஒரே அறையில் இருந்துகொண்டே நாங்கள் கதைக்கவில்லை. விளக்கு ஒன்றுதான், அதனால் படிக்கும்போது மட்டும் பக்கத்தில் இருப்போம். சாப்பாட்டு மேசையில் அவனுக்குப் பக்கத்து வாங்கில் ஆட்கள் குறைந்தார்கள். கிணற்றடியில் அவன் வந்தால் பேச்சு நிற்கும். "உங்கட ஆக்கள்" என்று ஒருவன் அவனைப் பார்த்துச் சொன்னது எனக்குக் கேட்டது. இந்தப் பதினெட்டு வயதுப் பெடியனுக்கும் வீரமுனைக்கும் என்ன சம்பந்தம்? நாட்டின் மறுகோடியில் யாரோ செய்ததற்கு அவன் தலைகுனிந்து சாப்பிட்டான். என் சித்தப்பா செத்தது தெரிந்தவர்கள் என்னிடம் வந்து மெதுவாக, அறை மாறப் போகிறாயா என்று கேட்டார்கள். மாறவில்லை. ஆனால் ஏன் மாறவில்லை என்று அவனிடம் சொல்லவும் இல்லை.

செப்டெம்பரில் ஓர் இரவு பங்கருக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் அகப்பட்டோம், மற்றவர்கள் எதிர்ப்பக்கப் பங்கருக்கு ஓடிவிட்டார்கள். விமானம் போன பிறகும் வெளியே வரப் பயம். இருட்டில் அவன்தான் முதலில் வாய் திறந்தான். "உன் சித்தப்பாட பேர் என்ன மச்சான்?" சொன்னேன். அவனுடைய உறவுக்காரரின் பெயரை நான் கேட்டேன். சொன்னான். சித்தப்பா என்ன வேலை செய்தார், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டான். நானும் கேட்டேன். யார் பக்கம் சரி என்ற கதை வரவில்லை. விடிந்ததும் கிணற்றடியில் ஒரு வாளியில் இரண்டு பேரும் மாறி மாறி அள்ளிக் குளித்தோம்.

இதையும் நீங்கள் மலரில் சுருக்கிவிட்டீர்கள். பங்கரில் விடியும்வரை கதைத்தோம் என்று மட்டும் இருக்கிறது. எதைக் கதைத்தோம் என்பது இல்லை. அது இல்லாவிட்டால் இரண்டு பெடியள் பொம்மருக்குப் பயந்து ஒளித்திருந்த கதை, அவ்வளவுதான்.

இனி, நீங்கள் வெட்டிய பத்தி. அப்படியே தருகிறேன்.

"ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரி முஸ்லிம்களைப் போகச் சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். யாழ்ப்பாணத்தில் அப்படி நடக்காது என்று பெரியவர்கள் சொன்னார்கள். 30ஆம் திகதி செவ்வாய்க்கிழமை. புலிகள் ஒலிபெருக்கி கட்டி, முஸ்லிம்கள் எல்லோரும் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரவேண்டும் என்று அறிவித்தார்கள். வந்தவர்களிடம், இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று சொன்னார்கள். விடுதிக்குச் செய்தி வந்தபோது போர்டிங் மாஸ்டர் அவனை இங்கேயே இருக்கச் சொன்னார். நான் இருந்தால் உங்களிடம்தான் வந்து கேட்பார்கள் சேர் என்று சொல்லிவிட்டு அவன் பையை எடுத்தான். என் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். சோனகத்தெருவுக்கு முன்சந்தியில் ஆயுதத்தோடு நின்றவர்கள் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். போகிறவர்களைச் சோதித்து நகையையும் கைக்காசையும் பறித்தார்கள், சிறுமிகளின் தோடுகளையும் விடவில்லை. வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் அந்த மாதத்தில் சுமார் 75,000 முஸ்லிம்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். என் அறைத்தோழன் அதில் ஒருவன்."

இதில் எந்த வரி சர்ச்சை? நடந்தது நடக்கவில்லை என்று உங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கமே அந்த வெளியேற்றத்தை நியாயப்படுத்த முடியாது என்ற பொருளில் பேசினார். வெளியேற்றிய அமைப்பே அன்றைக்கு உலகச் செய்தியாளர்களுக்கு முன்னால் சொன்னதை, ஒரு கல்லூரி மலர் சொல்ல முடியாதா?

செயற்குழுவில் ஒரு தம்பி, இதை எழுதினால் அரசாங்கம் நமக்கு எதிராகப் பாவிக்கும், முள்ளிவாய்க்காலை மறைக்கிறவர்கள் இதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்றார். அவருடைய பயத்தை நான் தள்ளிவிடவில்லை. அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நாம் எழுதாவிட்டால் அவர்கள் சொல்லாமல் விடுவார்களா? அவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாம் எழுதாததால் நடந்தது ஒன்றுதான். நம்முடைய பழைய மாணவன் ஒருவனுக்கு நடந்ததை, அவனை என்றைக்கும் தெரியாதவர்கள் தங்கள் தேவைக்குச் சொல்கிறார்கள்.

1983 ஜூலையை யோசித்துப் பாருங்கள். கொழும்பில் சிங்கள நண்பர்கள் தமிழ்ப் பிள்ளைகளை வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய கதைகளை நாம் நன்றியோடு சொல்கிறோம். அதே வாயால், எரித்தது யார், வாக்காளர் இடாப்போடு வந்தது யார் என்பதையும் சொல்கிறோம். கொழும்புக் கல்லூரி ஒன்று தன் மலரில், 1983இல் சூழல் காரணமாகத் தமிழ் மாணவர்கள் சிலர் இடம்பெயர்ந்தனர் என்று மட்டும் அச்சிட்டு, பக்கத்தில் ஒரு சிங்களப் பையனின் நட்புக் கதையைப் போட்டால் நமக்கு எப்படி இருக்கும்? நான் அதைக் கிழித்துப் போடுவேன். நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள். எரிந்த நூலகத்தை வருடம் தவறாமல் நினைவுகூரும் ஊர் இது. நினைவு என்றால் என்ன விலை என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

வீரமுனையையும் எழுதினால் சமநிலையாக இருக்குமே என்று இன்னொருவர் கேட்டார். தாராளமாக எழுதுங்கள், என் சித்தப்பாவின் பெயரை நானே தருகிறேன். ஆனால் தட்டில் எடை போடுகிற கணக்குக்காக வேண்டாம். என் சித்தப்பாவை வெட்டியவர்கள் எருக்கலம்பிட்டியிலிருந்து இங்கே படிக்க வந்த பெடியன் இல்லை.

அவன் போனபிறகு நடந்ததையும் கொஞ்சம் கேளுங்கள், ஏனென்றால் இங்கே கல்லூரியும் வருகிறது. எருக்கலம்பிட்டியிலிருந்து அவனுடைய குடும்பம் படகில் கற்பிட்டிக்குப் போயிருந்தது. தேடிக் கண்டுபிடித்தான். கிடுகுக் கொட்டிலில் இருந்துகொண்டு உயர்தரம் எழுத முயன்றான். அங்கே பாடசாலையில் சேர்க்க விடுகைப் பத்திரம் கேட்டார்கள். இங்கே எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்று, பிறகு தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதினான். மருத்துவம் படிக்க வந்தவன், இன்றைக்கு ஒரு சின்ன மருந்துக்கடை வைத்திருக்கிறான்.

1995இல் நமக்கும் அதே ஒக்டோபர் 30 வந்தது. அன்று புலிகள் ஒலிபெருக்கியில் போகச் சொன்னது நம்மை. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில், மழைக்குள், செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் தாண்டி நகர்ந்ததை உங்களில் பலர் தகப்பன்மாரின் தோளில் இருந்து பார்த்திருப்பீர்கள். அடுத்த வருடம் அவனிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பிபிசி தமிழோசையில் கேட்டானாம். நீ எங்கே, அம்மா உயிரோடு இருக்கிறாவா, படிக்கிறாயா என்று மூன்று கேள்வி. திகதியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எங்களை வெளியேற்றினீர்களே, இப்போது தெரிகிறதா என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் எனக்குக் கோபம் வந்திருக்காது.

2002இல் ஏ9 பாதை திறந்ததும் வந்தான். சோனகத்தெருவுக்குப் போனோம். கூரையில்லை, நிலைகள் கழற்றப்பட்டிருந்தன, வீடுகளுக்குள் மரம் வளர்ந்திருந்தது. கஞ்சி கொடுத்துவிடும் வீட்டை இரண்டு பேராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்புறம் கல்லூரி அலுவலகத்துக்கு வந்தோம். சேர்விடாப்பை எடுத்துக் காட்டினார்கள். அவனுடைய பெயருக்கு நேரே, நீண்ட நாட்கள் பாடசாலைக்குச் சமுகமளிக்காமையால் பெயர் நீக்கப்பட்டது என்று இருந்தது. அதே பக்கத்திலும் அடுத்த பக்கத்திலும் வேறு சில முஸ்லிம் பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரேயும் அதுவே. படிக்க வராமல் கட் அடித்த பையன்களுக்கு எழுதும் காரணம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. விடுகைப் பத்திரத்துக்கு எழுத்தில் விண்ணப்பம் தரச் சொன்னார்கள், அங்கேயே இருந்து எழுதிக் கொடுத்தான். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

அந்தக் காலத்தில் துப்பாக்கிக்கு முன்னால் ஒரு கல்லூரியால் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்திருக்க முடியாது. போர்டிங் மாஸ்டர் அவனைத் தங்கச் சொன்னதே பெரிய துணிவு, அவர் இன்றைக்கு உயிரோடு இல்லை, அந்தத் துணிவையும் சேர்த்துத்தான் நீங்கள் வெட்டியிருக்கிறீர்கள். 1990இல் இடாப்பில் உண்மையை எழுத எழுதுவினைஞர் பயந்திருப்பார். நியாயம். போர் முடிந்த 2009க்குப் பிறகு யாருக்குப் பயம்?

கல்லூரி விழாவுக்கு அவனை அழைத்து மேடையில் பொன்னாடை போர்த்தப் போவதாகவும், என்னையும் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கப் போவதாகவும் அறிந்தேன். நல்லெண்ணத்தில்தான் செய்கிறீர்கள் என்று நம்புகிறேன். அவனிடம் கேட்டேன். பொன்னாடை வேண்டாம், விடுகைப் பத்திரத்தைக் கொடுக்கச் சொல் என்றான். இந்த மடலை எழுதலாமா என்றும் கேட்டேன். எழுது, பேர் மட்டும் போடாதே என்றான். யாழ்ப்பாணத்தில் வீடு கட்ட அவன் கொடுத்த விண்ணப்பக் கோவை வருடக்கணக்காக அலைகிறது. நீ புத்தளத்து வாக்காளர்தானே என்று ஒரு மேசையில் கேட்கிறார்கள், உன் குடும்பம் இங்கே நிரந்தரமாக இருக்குமா என்று அடுத்த மேசையில். திரும்பி வந்த பல முஸ்லிம் குடும்பங்களுக்கு இதே கதைதான். பெயர் வெளியே வந்தால் அந்தக் கோவை இன்னும் கீழே போய்விடும் என்று பயப்படுகிறான். அந்தப் பயத்துக்கு இங்கே இடம் இருக்கிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

ஆகவே கேட்கிறேன். பத்தியை ஒரு சொல்லும் மாற்றாமல் சேருங்கள். நான் எழுதாத அந்த வரியை எடுங்கள். பங்கரில் நாங்கள் என்ன கதைத்தோம் என்பதையும் முழுதாகப் போடுங்கள். இடாப்பில் பழைய குறிப்பை அழிக்க வேண்டாம், அது அந்தக் காலத்தின் சான்று. பக்கத்தில் அதிபரின் கையொப்பத்தோடும் திகதியோடும், இந்த மாணவர்கள் 1990 ஒக்டோபரில் பலவந்தமாக வெளியேற்றப்பட்டார்கள் என்று எழுதுங்கள். அதற்குக் கல்வித் திணைக்களத்தின் அனுமதி வேண்டுமென்றால் சங்கத்தின் கடிதத்தோடு கேளுங்கள், நானும் கூட வருகிறேன். அந்தப் பக்கங்களில் உள்ள ஏனைய பிள்ளைகளையும் தேடுங்கள். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் விசாரித்தால் பாதிப் பேரையாவது கண்டுபிடிக்கலாம், அவனுக்குச் சிலரைத் தெரியும். விடுகைப் பத்திரங்களை அவர்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். விழாவுக்கு அழைப்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

இவை முடியாது என்றால் என் கட்டுரை முழுவதையும் மலரிலிருந்து எடுத்துவிடுங்கள். பாதிக் கட்டுரைக்கு என் சம்மதம் இல்லை.

மலர் அச்சுக்குப் போகுமுன் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். 2002இல் அவன் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
விடுதி மேல்மாடியில் இருந்த பழைய மாணவன்,
யாழ்ப்பாணம்